பஸ்ஸில் வந்த புல்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அதுவாக என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து என் புடவையை நனைத்தது.

சித்திரை மாதக் கடைசி. பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு அரியலூரில் ஓர் ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள் நான். காலையிலேயே ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு பெண் ஏறினாள். ஈரச் சாக்கில் சுருட்டிய எதையோ இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் பாதியைத் தன் மடியிலும் பாதியை என் மடியிலும் வைத்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், கதையும் வந்திருக்காது.

கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா அது? லக்கேஜா?"

"புல்லுங்க."

"மாட்டுக்கா?"

"இல்லிங்க. நிக்கிறதுக்கு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ அவளுக்குச் சொந்தம் என்பதுபோல. நான் சாக்கைப் பார்த்தேன். சாக்கு ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே பச்சை. வெட்டியெடுத்த மண்ணோடு, வேரோடு, கடையில் 'கார்பெட் புல்' என்று விற்பார்களே, அது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்றால் நம்புவீர்களா? நான் ஆடு மாடு இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அந்த நிறத்தை நான் பார்த்திருக்கவில்லை.

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு வெட்டுக்கிளி குதித்து என் டிபன் பை மேல் உட்கார்ந்தது.

"ஐ, பூச்சி!" என்றாள் அவள், குழந்தை மாதிரி. "பூச்சியப் பாத்தே எத்தன நாளாச்சு, பாருங்க."

குன்னம் வருவதற்குள் அவள் சொன்னது இவ்வளவுதான்: மகளுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் சொந்த நிலத்தில் ரிசப்ஷன். அதற்காகவே வெங்காயக் காட்டில் லான் போட்டார்கள். லான் செத்துப்போயிற்று. பெரம்பலூர் நர்சரியில் போய்க் கேட்டால் அங்கேயும் புல் காய்ந்துவிட்டது. நிழலில் கிடந்த இந்த ஒரு சுருள்தான் தேறியது.

இறங்கும்போது பைக்குள் கைவிட்டு ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "ஒங்க புடவைய வேற நனச்சுட்டேன். அவசியம் வந்துடுங்க, அக்கா."

பஸ் கிளம்பிவிட்டது. என் மடியில் ஈரம். கையில் பத்திரிகை. வெட்டுக்கிளி என்னோடு அரியலூர் வரைக்கும் வந்தது. ஆபீசில் அன்றைக்கு நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

2

கதையை எப்படி ஆரம்பிப்பது? நான் எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன். கூச்சமெல்லாம் இல்லை.

முதல் தொடக்கம்: "அந்த வருஷம் மார்கழிக் குளிரே வரவில்லை. கோலம் போட வந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே புள்ளி வைத்தார்கள்."

[நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அவளும் இல்லை, புல்லும் இல்லை. நான் அழகாக எழுதுவேன் என்று காட்டிக்கொள்வதற்காக எழுதியது. வேண்டாம்.]

இரண்டாவது தொடக்கம்: "வெயில் கூடும்போது பூச்சிகள் எல்லாமே குறையும் என்று நினைப்பது தவறு. சிலவற்றுக்கு வெயில்தான் கொண்டாட்டம். மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி ஆகியவை சூடான, வறண்ட காலத்தில் வேகமாகப் பெருகுகின்றன. மாறாக, தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் பூவும் தண்ணீரும் இல்லாமல் —"

[பரீட்சைத் தாள். நிறுத்து.]

ஆனால் விஷயம் பொய்யில்லை. என் மாடியிலேயே பார்த்தேன். நாலைந்து தொட்டிதான் வைத்திருக்கிறேன். செம்பருத்திக் கொழுந்தெல்லாம் மாவு அப்பினாற்போல் வெள்ளைப் பூச்சி. ரோஜா இலையைத் திருப்பினால் சிவப்புப் பொடி, உற்றுப் பார்த்தால் பொடி நடக்கிறது. மல்லிகை மொட்டு அரிசி அளவுக்குச் சிறுத்துவிட்டது. எறும்புகள் சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு, துணி ஊறுகிற பக்கெட்டின் விளிம்பில் வரிசை கட்டுகின்றன. குழாய் சொட்டுகிற இடத்தில் தேனீக்கள் தள்ளுமுள்ளு. என் எதிர்வீட்டு ஜெயசீலன் சார் குழாயை இறுக்கி மூடச் சொன்னார், தண்ணீர் வீணாகிறதாம். நான் மூடவில்லை. அவருக்கும் தேனீக்களுக்கும் நடுவில் நான் தேனீக்கள் பக்கம்.

மூன்றாவது தொடக்கம்: "'மாட்டுக்கா?' 'இல்லிங்க. நிக்கிறதுக்கு.'"

இதுதான்! எழுதியதும் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். ஒரு பெண் புல்லைச் சுமந்து வருகிறாள், நிற்பதற்கு. யார் நிற்க? நிற்க முடியுமா? கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

* பத்திரிகையில் அவள் பெயர் இருந்தது: வெற்றிச்செல்வி. கணவர் அறிவழகன். மகள் ஆர்த்தி. மாப்பிள்ளை வரதராஜன்பேட்டை விக்கி. கதைக்கென்று வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அவளிடமே அனுமதி வாங்கிவிட்டேன். "போட்டுக்கங்க அக்கா, ஆனா இனிஷியலோட போடுங்க" என்றாள். மன்னித்துக்கொள், வெற்றிச்செல்வி. கதையில் இனிஷியல் வைத்தால் ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிடும்.

3

கதை என்றால் குறுக்கே நிற்க ஓர் ஆள் வேண்டும் இல்லையா? புருஷன் இருக்கிறானே என்று அறிவழகனை நிறுத்தினேன். நான் எழுதியது:

"அறிவழகன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: 'பொம்பள பேச்சக் கேட்டு வெங்காயம் வெளையிற காட்ட வீணாக்கிட்டேன். நாளைக்கே டிராக்டர வச்சு ஓட்டிப்புடுறேன்.' வெற்றிச்செல்வியின் கண்களில் —"

[கண்களில் என்ன? நீர்தான் வரும். வழக்கமாக அதுதான் வருகிறது. எனக்கே எரிச்சலாக இருந்தது.]

நான் அந்த மனிதரைப் பார்த்ததுகூட இல்லை. மீசை உண்டா என்பதுகூடத் தெரியாது. பத்திரிகையில் போன் நம்பர் இருந்தது. எடுத்து அடித்தேன். எடுத்தவர் அவரேதான். பஸ்ஸில் வெற்றிச்செல்வியைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க மேடம். பஸ்ஸுல வந்த மேடமா? புல்லு விஷயந்தானே? அது என் தப்புங்க."

நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவரே கொட்டினார்.

"தை மாசமே வெயிலு பங்குனி மாதிரி காஞ்சுதுங்களா? போருல தண்ணி எறங்கிடுச்சு. புல்லு மஞ்சளா மாறிடுச்சு. எனக்கு என்ன தெரியும்? வெங்காயம் மஞ்சளாப் போனா உரம் பத்தலன்னு தெரியும். நம்ம காட்டுக்கு உரம்னா ராத்திரி ஆட்டுக்கிடை கட்டுறதுதான், புழுக்கை வுழுமில்ல. அந்தப் பக்கமா பெரிய கிடையா வந்துச்சு. ஆட்டுக்காரர்ட்ட பேசி, லான்ல கட்டச் சொல்லிட்டேன்."

"ஆடு புல்லத் தின்னுடாதா?" என்றேன்.



"அந்த ரோசனையே வரலிங்க மேடம். காட்டுல கிடை கட்டையில அங்க புல்லு ஏது? அறுத்து முடிச்ச காடு. மொட்டையாக் கெடக்கும். அந்தப் பழக்கத்துலயே கட்டிட்டேன். வெடிஞ்சு போய்ப் பாத்தா, சவரம் பண்ணி வுட்டாப்புல இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அவரும் சிரித்தார். வில்லன் அங்கேயே செத்தான்.

அதோடு முடியவில்லை. கிடை கட்டிய காட்டை அடுத்து உழுவார்கள், புழுக்கை மண்ணுக்குள் போய் மக்கும். லானை உழ முடியாதே! புழுக்கை மேலாகவே காய்ந்து கிடந்தது. மழை ஒரு சொட்டு இல்லை. கரையான் வந்தது. முதலில் புழுக்கையைத் தின்றது, பிறகு காய்ந்த புல்லை, பிறகு மிச்சமிருந்த வேரையும்.

"மீசை வச்சிருக்கீங்களா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"இல்லிங்க. ஏங்க?"

"ஒண்ணுமில்ல."

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்னத்தில் இறங்கிவிட்டேன். எழுத்தாளர் என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சாலையிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் மக்காச்சோளத் தட்டை அறுத்த கட்டை, அந்தப் பக்கம் பருத்தி நின்ற கரிசல், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நடுவில் லான். வாசலில் இரும்பு வளைவு, சுற்றிக் கம்பி வேலி, நாலு மூலையிலும் விளக்குக் கம்பம், ஒரு சிமெண்ட் மேடை. எல்லாம் இருந்தது, புல் மட்டும் இல்லை. தரை முழுக்க மண் பூசின தடம் ஓடியது. காலால் தட்டினால் பொடிந்து உள்ளே வெள்ளையாகக் கரையான்கள் ஓடின. மைனாக்கள் மட்டும் சந்தோஷமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

மேடைக்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில் கீற்றுப் பந்தல். அதன் கீழே பஸ்ஸில் வந்த புல், விரித்த சதுரமாக. இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம், அதன் அடியில் ஊசித் துளை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இரண்டு தேனீக்கள் அந்த ஈரத்தில் நடந்துகொண்டிருந்தன. நான் என் புல்லை அடையாளம் கண்டுகொண்டேன். ஆமாம், என் புல். என் மடியில் வந்ததுதானே!

ஆர்த்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். பச்சைக் கம்பளம் வாடகைக்குக் கெடைக்குது. மேல விரிச்சுட்டா போட்டோவுல யாருக்குத் தெரியப்போவுது? எங்கம்மா கேக்கவே மாட்டுறாங்க."

"கம்பளத்துல நிக்கிறதுக்கு மண்டபத்துலயே நின்னுட்டுப் போவேன்டி" என்றாள் வெற்றிச்செல்வி.

நான் கேட்டேன், ஏன் இந்தப் புல்லுப் பைத்தியம் என்று. இப்படி நேரடியாகக் கேட்கக் கூடாதுதான். கதாபாத்திரத்தின் ஆசையை நாம்தான் மெல்ல வெளிக்கொண்டுவர வேண்டும். ஆனால் ஆள் எதிரில் இருக்கும்போது எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து களை பறிக்கிறேங்க்கா. அடுத்தவங்க காட்டுல பறிச்சேன். இந்த நெலத்த வாங்குனதும் எங்க காட்டுல பறிச்சேன். வெங்காயத்துல கோரை, பருத்தியில அருகு, சோளத்துல எல்லாமுந்தான். பூரா புல்லைப் புடுங்குன கை. ஒரு பூவுக்காவது, ஒரு போகத்துக்காவது, ஒரு புல்ல வளத்துப் பாப்பமேன்னு ஆச. எம்பொண்ணு அது மேல நின்னு மாலை போட்டுக்கணும். தப்பா?"

* எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் பதினெட்டு கதை எழுதியும் எழுதியதில்லை.

அறிவழகன் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "நான் வேணாங்கல மேடம். ஆனா எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. ரிசப்ஷன் முடியட்டும். அதுக்கப்பறம் பாத்து, புல்லு தேறுனா லான். தேறலன்னா ஓட்டிட்டு ஆடிப்பட்டத்துக்கு சோளம். டிராக்டருக்குக்கூட சொல்லி வச்சுட்டேன்."

"சொன்னது சொன்னதுதான்" என்றாள் அவள். "புல்லு வந்தா?"

"வந்தா நான் ஏன் ஓட்டப் போறேன்?"

இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது, இந்தக் கதையில் எதற்கும் எதற்கும் போட்டி என்பது. ஒரு காடு. உழுவதா, விடுவதா? நான் திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை.

5

ரிசப்ஷனுக்கு முன்பே முடிவை எழுதிவிட வேண்டும் என்று ஓர் அவசரம். நிஜம் வந்து முந்திக்கொண்டால் எழுதுகிறவளுக்கு என்ன மரியாதை?

முடிவு ஒன்று. பஸ்ஸில் வந்த சதுரமும் கருகிவிடுகிறது. வெற்றிச்செல்வி மகளை வெறும் மண்ணில் நிறுத்துகிறாள். எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். தூரத்தில் ஒரு பறவை —

[பறவை எதற்கு? சோகம் வந்தால் உடனே ஒரு பறவையைக் கூப்பிடுகிறேன். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு. மாப்பிள்ளை வீட்டார் லானைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். விக்கி எழுந்து பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு நல்ல பேச்சுப் பேசுகிறான். எல்லோரும் திருந்துகிறார்கள்.

[விக்கி செல்போன் கடை வைத்திருக்கிறான். சொந்தக் கல்யாணத்தில் அவன் ஏன் இதைப் பேச வேண்டும்? போய்ச் சாப்பிடு தம்பி.]

முடிவு மூன்று. மழை வருகிறது.

[இதை எழுதிவிட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன். கதை எங்கே சிக்கினாலும் மழையைக் கொண்டுவந்து கரைத்துவிடுவது சோம்பேறித்தனம். வானிலை அறிக்கையிலும் அப்படி ஒன்றும் இல்லை. கத்திரி வெயில் வேறு. இந்த முடிவை மட்டும் எழுதவே மாட்டேன் என்று முடிவு செய்தேன்.]

6

மழை வந்தது.

நான் என்ன செய்யட்டும்? கையை விரிக்கிறேன். நான் கூப்பிடவில்லை.

வைகாசி முகூர்த்தம். மதியம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே மேகம் மூட ஆரம்பித்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குன்னத்தில் இறங்கும்போது புழுதிக் காற்று. லானுக்குள் நுழையும்போது முதல் சொட்டு என் நெற்றியில். பெரிய சொட்டு, சூடாக இருந்தது! ஒரு கால் மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிட்டது. மண் வாசனையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தோம். நாற்காலிகளைத் துடைத்தார்கள். மேடைக்குப் பின்னால் தோசைக்கல் காய ஆரம்பித்தது. பந்தல் கீற்றை எடுத்துவிட்டு, அந்தப் புல் சதுரத்தின் மேல் ஆர்த்தியையும் விக்கியையும் நிறுத்தினாள் வெற்றிச்செல்வி. செருப்பைக் கழற்றச் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்சம் நகர்ந்தாலும் கால் சேற்றில். ஆகவே நகராமல், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாலை மாற்றினார்கள். போட்டோக்காரர் குனிந்து, பச்சை மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தார்.

அப்போது பொழுது இறங்கிவிட்டது. அறிவழகன் விளக்கைப் போட்டார். நாலு கம்பமும் ஒரேயடியாக எரிந்தன.

தரை பிளந்துகொண்டது!

[மிகை. தரை பிளக்கவில்லை. தரையில் எங்கெங்கோ பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் திறந்தன. ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. இந்த ஆச்சரியக்குறியை எடுக்க மாட்டேன்.]

ஈசல். அந்த ஓட்டைகளிலிருந்து புகை எழும்புகிற மாதிரி எழும்பின. நூறா, ஆயிரமா, யார் எண்ணுவது? விளக்கைச் சுற்றி மொய்த்தன. மேடைப் பூ அலங்காரத்தில், மாப்பிள்ளையின் கோட்டுக் காலரில், ஆர்த்தியின் நெற்றிச்சுட்டியில், ரசத்தில். போட்டோக்காரர் கேமராவை வேட்டிக்குள் ஒளித்தார். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. நான் எழுதிய மூன்று முடிவில் ஒன்றில்கூட ஈசல் இல்லை. மழையைப் பற்றி அவ்வளவு யோசித்தவளுக்கு, புல்லைத் தின்ற கரையான் மழைக்கு அப்புறம் சிறகு முளைத்துப் பறக்கும் என்று தோன்றவே இல்லை!

நான் வெற்றிச்செல்வியைப் பார்த்தேன். அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கியின் அம்மா ஜெயசுதா, கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையில், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. ஊரைக் கூட்டி, மகள் கல்யாணத்தில் பூச்சியைப் பரிமாறியவள் என்று காலத்துக்கும் பேச்சு வரும். புல்லும் போச்சு, பேரும் போச்சு. அவள் அப்படித்தான் நினைத்தாள், பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்போது பந்தியிலிருந்து ஒரு குரல். ஆண்டாயி, வெற்றிச்செல்வியோடு வருஷக்கணக்காகக் களை பறித்த கூட்டாளி.

"ஏ வெத்தி! லான் போட்டியே, புல்லு எங்க, புல்லு எங்கன்னு எல்லாரும் கேட்டாங்களே. பாரு, பறக்குது!"

சிரிப்பு வெடித்தது. எங்கே ஆரம்பித்தது தெரியவில்லை, லான் முழுக்கப் பரவியது. சம்பந்தியம்மா ஜெயசுதா எழுந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினார்.

"யாருப்பா லைட்டு போடுறது? எல்லாத்தையும் அமத்து. அந்த மூலையில ஒண்ணு மட்டும் எரியட்டும். அதுக்குக் கீழ அண்டாவுல தண்ணி வை. எங்க ஊர்ல ஈசலு வந்தே வருஷக்கணக்காச்சு. இத வுடலாமா?"

அறிவழகன் ஓடினார். மூன்று கம்பம் அணைந்தது. ஈசல் மொத்தமும் அந்த ஒரு மூலைக்குப் போயிற்று. அண்டா நிரம்பியது. பெண்கள் பாத்திரத்தோடு சூழ்ந்தார்கள், சிறகை ஊதித் தள்ளினார்கள். தோசை மாஸ்டர் முதலில் முறைத்துக்கொண்டு நின்றார், அப்புறம் அவரே கல்லைத் துடைத்துவிட்டு, "கொண்டாங்க" என்றார். வறுத்த ஈசலும் பொரியும் சேர்ந்த வாசனை இருக்கிறதே, அதை எழுத எனக்கு வரவில்லை. கரிந்த நெய்யும் வேர்க்கடலையும் — இல்லை, அதுவும் சரியில்லை. விட்டுவிடுகிறேன்.

ஜெயசுதா ஒரு கைப்பிடி எடுத்து வெற்றிச்செல்வி வாயில் போட்டார்.

"சாப்புடுங்க சம்பந்தி. ஒங்க புல்லுதானே."

வெற்றிச்செல்வி மென்றாள். மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நான் இதை இட்டுக்கட்டவில்லை. என் வாயிலும் ஒரு பிடி இருந்தது.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். நல்ல வெளிச்சம், நல்ல சாப்பாடு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பேச்சு பாக்கி இருக்கிறதே. புல் தேறினால் லான், இல்லாவிட்டால் உழவு. கல்யாணத்தில் ஈசல் ருசியாக இருந்தது என்பதற்காக ஒரு விவசாயி காட்டைச் சும்மா போடுவாரா?

மழைக்கு அப்புறம் மறுபடி வெயில். ஆனால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. இன்றைக்குக் காலையில், ஆர்த்தியும் விக்கியும் மறுவீட்டுக்கு வந்திருக்கிற நாளில், வெற்றிச்செல்வி எனக்குப் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. அப்பறம் பேசுறேன்."

பார்த்தேன். தரை முழுக்க ஈசல் சிறகுகள், காய்ந்த சேற்றில் ஒட்டி மினுங்கிக்கொண்டு. அவற்றுக்கு நடுவில், எங்கு பார்த்தாலும், பச்சை ஊசி ஊசியாக. பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். ஜெயசீலன் சார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"புல்லு வந்துடுச்சு வெற்றிச்செல்வி! ஜெயிச்சுட்டீங்க!"

"நல்லாப் பாருங்கக்கா" என்றாள். குரலில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாம போட்ட கார்பெட்டு ஒண்ணுகூட வரல. பஸ்ஸுல கொண்டாந்தமே, அதுகூட நேத்து கருகிடுச்சு. இது அருகும் கோரையும். அடியில கெடந்துருக்கு. ஆடு தின்னும் சாவல, கரையான் தின்னும் சாவல. நான் பொறந்ததுலேருந்து புடுங்குன களைக்கா இது. காடு பூரா வந்து நிக்குது."

"பச்சையா இருக்கே?"

"பச்சையாத்தான் இருக்கு. ஆர்த்தி வெறுங்காலோட அது மேல நடந்துக்கிட்டு இருக்கா. இவரு டிராக்டரக் கொண்டாந்து வேலிக்கிட்ட நிறுத்திட்டாரு. எஞ்சின் ஓடுது. 'புல்லு தேறுனா லான்னு சொன்னோம், இது புல்லா களையா, நீயே சொல்லு. ஓட்டட்டுமா?'ன்னு கேக்குறாரு. எனக்குக் கை தானா கீழ போவுதுக்கா. ஒண்ணப் புடிச்சுட்டேன். இழுக்குறதா, வுடுறதான்னு —"

"என்ன சொல்லப் போறீங்க?"

"இருங்க, சொல்லிட்டுக் கூப்புடுறேன்."

வைத்துவிட்டாள்.

அப்போது உட்கார்ந்தவள்தான், இந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது, தேனீக்கள் வந்திருக்கின்றன.

நான் ஒரு முடிவு எழுதலாம். வெற்றிச்செல்வியை நிமிர்த்தி நிறுத்தி, நல்லதாக ஒரு வாக்கியம் பேச வைக்கலாம். ஆனால் அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்குப் பதிலாக நான் முடிவு செய்தால் அது அயோக்கியத்தனம். உங்கள் விஷயம் வேறு. நீங்கள் கொஞ்ச நேரம் அவளுடைய காட்டில் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள், உங்கள் காலில் அந்த மண் ஒட்டியிருந்தால் உங்களுக்குச் சொல்ல உரிமை உண்டு. அவள் விரலுக்கு நடுவில் ஒரு அருகம்புல். வேலியில் எஞ்சின் சத்தம். இழுக்கிறாளா, விடுகிறாளா?

சீக்கிரம் சொல்லுங்கள். போன் அடிக்கிறது. அவள்தான். நான் எடுப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.